'தி பிரிட்ஜ்': ஒரிஜினலா, அமெரிக்க ரீமேக்கா?

ரெண்டு நாட்டுக்கு நடுவுல ஒரு பாலம், சரியா எல்லைக்கோட்டு மேல ஒரு பொண்ணோட பாடி, தூக்கப் போனா ரெண்டா வருது, மேல் பாதி ஒருத்தி கீழ் பாதி வேற ஒருத்தி. 2011ல வந்த ஸ்வீடன் டென்மார்க் சீரிஸ் 'ப்ரோன்' இப்படித்தான் ஆரம்பிக்கும், 2013ல எஃப்எக்ஸ் சேனல் எடுத்த அமெரிக்க 'தி பிரிட்ஜ்' கூட இப்படித்தான். அதே வருஷம் பிரிட்டனும் பிரான்ஸும் சேந்து, ரெண்டுக்கும் நடுவுல கடலுக்கு அடியில போற சேனல் டனலை வச்சு 'தி டனல்'னு ஒண்ணு எடுத்தாங்க, நல்லாத்தான் இருக்கும், ஆனா முதல் சீசன் ஒரிஜினலை ஒட்டியே போறதால அதை இங்க விட்டுடறேன். ஸ்பாய்லர் நிறைய வரும், ரெண்டும் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

முதல்ல எல்லை. டென்மார்க்கோட கோபன்ஹேகனையும் ஸ்வீடனோட மால்மோவையும் சேக்குற ஓரேசுண்ட் பாலம் 2000ல திறந்தது, கதை நடக்கற காலத்துல கார்ல ஏறுனா பாஸ்போர்ட்கூட காட்டாம அந்தப் பக்கம் போயிடலாம். ரெண்டுமே வசதியான நாடு, அவங்கவங்க பாஷையில பேசுனாலே மத்தவங்களுக்குப் பெரும்பாலும் புரியுது. அதனால கதையில எல்லைங்கறது கேஸை சேந்து விசாரிக்கற ரெண்டு போலீஸோட குணத்துலதான் இருக்கு. ரீமேக்ல டெக்சாஸோட எல் பாசோ, அந்தப் பக்கம் மெக்சிகோவோட ஹுவாரெஸ். 2010ல எல் பாசோவுல நடந்த கொலை அஞ்சு, ஆத்துக்கு அக்கரையில ஹுவாரெஸ்ல மூவாயிரத்துக்கு மேல. 1993லேருந்து அங்க பொண்ணுங்க காணாமப் போயி பாலைவனத்துல பொணமா கிடைக்கறது நிஜமாவே நடந்தது, அதனால மேல் பாதி ஒரு அமெரிக்க ஜட்ஜ், கீழ் பாதி ஹுவாரெஸ் பொண்ணுன்னு வச்சப்பவே கேள்வி வேற ஆயிடுது. யார் செத்தா போலீஸ் ஓடி வரும், யார் செத்தா யாரும் வரமாட்டாங்கங்கற கேள்வி அது. ஒரிஜினல்லயும் சமூக அநியாயத்தைப் பத்தி கொலைகாரன் பேசுவான், ஆனா இந்த அளவுக்கு வலிக்காது.

ஆம்புலன்ஸ் சீனை எடுத்துக்கங்க. பாடியை இன்னும் எடுக்கல, இதய நோயாளி இருக்கற ஒரு ஆம்புலன்ஸ் பாலத்துல வந்து நிக்குது, கூட அவர் பொண்டாட்டி ஷார்லட் கெஞ்சுறாங்க. ஸ்வீடிஷ் போலீஸ் சாகா முடியாதுங்கறா, டேனிஷ் போலீஸ் மார்ட்டின் போகட்டும்னு விட்டுடறான், உடனே சாகா உன் மேல ரிப்போர்ட் பண்ணுவேன்னு சொல்றா. கோவமே இல்லாம, மணி என்னன்னு சொல்ற மாதிரி சொல்றா. ரீமேக்லயும் இதே சீன்தான், ஆனா அதுக்கப்புறம் அந்த ஷார்லட் தன் இடத்துக்கு அடியிலயே எல்லையைத் தாண்டிப் போற கடத்தல் சுரங்கம் இருக்கறதைக் கண்டுபிடிக்கறா, அங்கேருந்து அவ கதை ஒரிஜினல்ல இல்லாத ஒரு பாதையில போகுது. அந்த மண்ணுலேருந்து வந்த கதை அது. ரீமேக் உயிரோட இருக்கறதே இந்த மாதிரி இடத்துலதான், கொலைகாரன் பிளானை வரிக்கு வரி ஃபாலோ பண்ற எபிசோடெல்லாம் எனக்கு இழுவையாத்தான் இருந்துச்சு.

ஆனா சாகாவுக்கு ஈடா அங்க யாரும் இல்ல. சோஃபியா ஹெலின் நடிப்புல அவ ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் டிராயர்லேருந்து புது டிஷர்ட் எடுத்து மாத்திப்பா, மனசுல பட்டதை அப்படியே கேப்பா, அவளுக்கு என்னன்னு சீரிஸ் ஒரு பேரும் வைக்காது. அவ தங்கச்சி சாவு பத்தின விஷயம்கூட சீசன் சீசனா கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். ரீமேக்ல டயான் க்ரூகர் பண்ற சோன்யாவுக்கோ அக்கா கொலை, அந்தக் கொலைகாரனைப் போய்ப் பாக்கறதுன்னு சீக்கிரமே காரணத்தை அடுக்கிடறாங்க. க்ரூகர் மேல தப்பில்ல, நல்லாவே பண்ணிருக்காங்க, எழுத்துலதான் அந்தப் பொண்ணை நம்பி விடல. மெக்சிகோ போலீஸ் மார்க்கோவா வர்ற டெமியன் பிச்சிர் மட்டும் ஒரிஜினல்ல மார்ட்டினா வர்ற கிம் போட்னியாவுக்குச் சமமா நிக்கறார், சில சீன்ல ஒரு படி மேலயும்தான், ஏன்னா ஹுவாரெஸ்ல நேர்மையான போலீஸா இருக்கறதோட பயம் அவர் முகத்துல எப்பவும் இருக்கு.

ரெண்டுலயும் கொலைகாரன் அந்த ஆண் போலீஸோட, அதாவது மார்ட்டின் இல்லன்னா மார்க்கோவோட பழைய சிநேகிதன், பழிவாங்க அந்தப் போலீஸோட மகனைக் கொன்னுடறான். மகனை இழந்த அப்பா என்ன பண்றான்னு பாருங்க. மார்க்கோ முதல் சீசன் முடிவுல ஒரு கார்ட்டெல், அதாவது போதைக் கடத்தல் கும்பல் தலைவன்கிட்டயே போய், கொலைகாரனைக் கொல்ல உதவி கேக்கறான். அந்த ஊர்ல அதுதான் வழி, நம்ப முடியுது. ஆனா ஒரிஜினல்ல ரெண்டாவது சீசன் கடைசியில, ஜெயில்ல கொலைகாரன் விஷத்துல சாகறான், மார்ட்டின்தான் பண்ணிருப்பான்னு சாகாவுக்குத் தோணுது, அவளுக்கு இருந்த ஒரே ஃப்ரெண்டு அவன், இருந்தும் ரிப்போர்ட் பண்ணிடறா. முதல் எபிசோட்ல ஆம்புலன்ஸுக்காக ரிப்போர்ட் பண்ணுவேன்னவ இதையும் பண்ணாம இருக்க முடியாதுன்னு நமக்குத் தெரியும், தெரிஞ்சும் பண்ணிடாத சாகான்னு நான் ஸ்க்ரீனைப் பாத்துச் சொல்லிட்டிருந்தேன். ரீமேக்ல இந்த அளவுக்கு என்னை உலுக்குன முடிவு ஒண்ணும் இல்ல.

ஒரிஜினல் நாலு சீசன் ஓடி 2018ல முடிஞ்சது, ரீமேக் 26 எபிசோடோட 2014லயே நின்னுடுச்சு, அதுவும் ரெண்டாவது சீசன்ல பழைய பிளானை உதறிட்டு ஹுவாரெஸ் கதையை சொந்தமா சொல்ல ஆரம்பிச்ச நேரத்துல, அதுல எனக்கு இன்னும் வருத்தம்தான். புதுசா பாக்கறவங்க ஒரிஜினல்ல முதல் ரெண்டு சீசனை சப்டைட்டிலோட முதல்ல முடிச்சுடுங்க, டப்பிங் வேணாம், சாகா குரல் போயிடும். அப்புறம் கொஞ்ச நாள் இடைவெளி விட்டு ரீமேக்குக்கு வாங்க, அடுத்து என்ன நடக்கும்னு தேடாம ஹுவாரெஸுக்காகவும் மார்க்கோவுக்காகவும் பாருங்க.