28 வாட் ஃபேனுக்கு 51 வாட்: என் புது இன்வெர்ட்டர்

பாலிடெக்னிக் லேபில் முப்பது வருஷம் மீட்டரோடு கிடந்தவனிடம் புது இன்வெர்ட்டர் வந்தால் சும்மா விடுவானா? பிராண்ட் பெயர் வேண்டாம். 1050 விஏ, சைன் வேவ் (லைன் கரண்ட் மாதிரியே வழுவழுப்பான அலை), 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்கொயர் வேவ் (சதுரப் படிகளாக ஏறி இறங்கும் அலை) பெட்டியில் பழைய சீலிங் ஃபேன் வண்டு மாதிரி ரீங்கரிக்கும். அந்த அலையில் மூன்றாம் ஹார்மோனிக், அதாவது மூன்று மடங்கு வேகத்தில் கூடவே வரும் உபரி அலை, மட்டுமே அடிப்படை அலையில் மூன்றில் ஒரு பங்கு. மோட்டார் அதை வாங்கிச் சத்தமாகவும் சூடாகவும் மாற்றும். இதில் அது அறவே இல்லை.

ஆனால் சைன் வேவ் இலவசமில்லை. பழையதில் மாஸ்ஃபெட்டுகள் (கரண்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்கள்) நொடிக்கு 50 தடவை ஆன்-ஆஃப் ஆனால் போதும். இதில் ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் முழுதாக விழும் முன்பே கரண்ட் ஏறிவிடுகிறது. அந்தத் துளி நேரத்தில் இரண்டும் சேர்ந்திருப்பது அப்படியே சூடு. கதவைத் திறக்கிற போதெல்லாம் நாலு கொசு நுழைகிற மாதிரிதான். திறப்பு இரட்டித்தால் கொசுவும் இரட்டிக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு லோடும் இல்லாமல் ஆன் செய்து டிசி கிளாம்ப் மீட்டர் வைத்தேன்: 1.4 ஆம்பியர், கிட்டத்தட்ட 18 வாட். டிரான்ஸ்பார்மர் கோர், மாஸ்ஃபெட்டை இயக்கும் கேட் டிரைவ், கன்ட்ரோல் போர்டு எல்லாம் சேர்ந்து சும்மா தின்பது. 28 வாட் பிஎல்டிசி ஃபேன் ஒன்றைப் போட்டேன்: 4.1 ஆம்பியர், 51 வாட். அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஃபேனுக்குப் போகிறது. மூன்று 100 வாட் குண்டு பல்பு போட்டதும் லோடுக்குப் போகும் பங்கு 85 சதவீதத்துக்கு ஏறியது. ஆறு பல்பில் 79-க்கு இறங்கியது, ஏனென்றால் பேட்டரி 64 ஆம்பியர் தள்ளும்போது மாஸ்ஃபெட்டிலும் ஒயரிலும் விரயம் கரண்ட்டின் வர்க்கமாக ஏறும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 90 சதவீதத்தை நான் எங்கேயும் பார்க்கவில்லை.

மூன்றாம் மாதம் கூலிங் ஃபேன் கடகடத்தது. சர்வீஸுக்கு வந்த தம்பி மூடியைக் கழற்றியபோது நானும் எட்டிப் பார்த்தேன். பதினாறு மாஸ்ஃபெட், ஹெச்-பிரிட்ஜின் (டிசியை ஏசியாக்கும் நாலு ஸ்விட்ச் அமைப்பு) ஒவ்வொரு இடத்துக்கும் நாலு. ஹீட்சிங்க் கனமாக இருந்தது, பேஸ்ட்டும் ஒழுங்காகத் தடவியிருந்தார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். ஃபேனைத்தான் மலிவாகப் போட்டுவிட்டார்கள். மாற்ற ஒன்பது நாள் ஆனது.

இன்னொன்று. கரண்ட் போனால் என் பேத்தி "தாத்தா, பெட்டி விசிலடிக்குது" என்று காதைப் பொத்துகிறாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. போன் ஆப்பில் பார்த்தால் 12 கிலோஹெர்ட்ஸில் கூரான ஒரு முள். மாஸ்ஃபெட்டின் ஆன்-ஆஃப் வேகம்தான் இப்படிக் கத்துகிறது; அதை 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வைத்திருந்தால் யார் காதுக்கும் எட்டாது. ஆன்-ஆஃபில் வீணாகும் சூடு, அதாவது ஸ்விட்சிங் லாஸ், மட்டும் அந்த அளவுக்குக் கூடும். சூட்டைக் குறைக்கக் காதைப் பலி கொடுத்திருக்கிறார்கள்.

டிவி, நாலு லைட், இரண்டு ஃபேன் ஓட்டுகிற வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். ஒரு ஃபேனும் வைஃபை ரௌட்டரும்தான் என்றால் இவ்வளவு பெரிய பெட்டி வேண்டாம்; ரௌட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போதைக்கு, ராத்திரி கரண்ட் போனால் பேத்தி தலையணையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள்.