மடோனாவின் ‘தி இம்மாகுலேட் கலெக்‌ஷன்’: 30 வருடம் கேட்ட அனுபவம்

இந்த ஆல்பத்தை நான் மூன்று முறை காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். முதலில் கேசட், அப்புறம் சிடி, அந்த சிடியில் கீறல் விழுந்து ‘பார்டர்லைன்’ பாட்டு திக்க ஆரம்பித்ததும் இன்னொரு சிடி. இப்போது மாதச் சந்தா கட்டி செல்போனில் கேட்கிறேன், அதையும் சேர்த்தால் நாலு. ஒரே சரக்கை நாலு தரம் வாங்கியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

1990 நவம்பரில் வந்தது. அமெரிக்கப் பாப் பாடகி மடோனாவின் முதல் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பு. அந்த ஏழெட்டு வருடத்தில் ஹிட்டான 15 பாட்டுகள், கூடவே 2 புதுப் பாட்டுகள். மொத்தம் 17, ஓடும் நேரம் சுமார் 73 நிமிடம். முன்னட்டையில் அவர் படமே கிடையாது, நீலப் பின்னணியில் எழுத்து மட்டும். மடோனா கேசட் வாங்கி வந்தும் வீட்டில் யாரும் புருவம் உயர்த்தாததற்கு அந்த அட்டைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பெயரில் ஒரு குறும்பு இருக்கிறது. கத்தோலிக்கர்கள் மாதாவைப் பற்றிச் சொல்லும் ‘இம்மாகுலேட் கன்செப்ஷன்’, தமிழில் அமலோற்பவம். அமலோற்பவம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் நம் ஊரில் உண்டு, அமலோற்பவ மாதா கோயில்களும் உண்டு. மடோனா என்ற சொல்லே மாதாவைக் குறிப்பது. இரண்டையும் முடிச்சுப் போட்டு ‘மாசற்ற தொகுப்பு’ என்று வைத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு ஆல்பத்தை ‘தி போப்’புக்குக் காணிக்கை என்று வேறு அச்சிட்டார்கள். ரோமில் இருப்பவரை வம்புக்கு இழுக்கிறார் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அது அவருடைய தம்பி கிறிஸ்டோபரின் பட்டப்பெயர் என்றும் சொல்வார்கள். எதுவானாலும், அதே வருடம் இத்தாலியில் அவருடைய கச்சேரிகளுக்கு வாட்டிகன் பக்கமிருந்து கண்டனம் வந்திருந்த நிலையில், படிக்கிறவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

சரி, பாட்டுக்கு வருவோம்.

முதல் ஐந்து வருடம் இதை ஒற்றை ஸ்பீக்கர் டேப்ரெக்கார்டரில்தான் கேட்டேன். பிடித்திருந்தது, ஆனால் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சில இடங்களில் பின்னணிக் குரலும் கீபோர்டும் தண்ணீர் கலந்த பால் மாதிரி நீர்த்துப்போய்க் கேட்கும். கேசட்டின் தரம் அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். அப்புறம் சிடி வந்தது. சித்தப்பா வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் வைத்த செட் இருந்தது. ‘வோக்’ போட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தேன். விரல் சொடுக்குகிற சத்தம் இடது ஸ்பீக்கரில் வரவில்லை. அதையும் தாண்டி, பீரோ நிற்கிற மூலையிலிருந்து வந்தது. எழுந்து போய் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சித்தி என்ன தேடுகிறாய் என்று கேட்டார். சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

அதன் பெயர் கியூசவுண்ட். கனடாவில் உருவான தொழில்நுட்பம். இடது வலது இரண்டு ஸ்பீக்கருக்கும் போகிற ஒலியில் நேரத்தையும் அளவையும் மிக நுட்பமாக முன்பின் மாற்றுவார்கள். காது ஏமாந்துபோய், ஸ்பீக்கரே இல்லாத இடத்திலிருந்து சத்தம் வருகிறது என்று எடுத்துக்கொள்ளும். இந்த ஆல்பத்தை அந்த முறையில் கலந்து எடுத்தார்கள். பிறகு ராக் பாடகர்கள் ஸ்டிங், ரோஜர் வாட்டர்ஸ் ஆல்பங்களிலும் அது வந்தது. கேப்காம் என்ற வீடியோ கேம் நிறுவனத்தின் ஆர்கேட் விளையாட்டுகளிலும் அதே கியூசவுண்ட்தான். சிக்கல் என்னவென்றால், இரண்டு சேனலையும் ஒன்றாகக் குழைத்து ஒற்றை ஸ்பீக்கரில் விட்டால் அந்த நேர வித்தியாசங்களில் சில ஒன்றையொன்று அடித்துவிடும். என் டேப்ரெக்கார்டரில் பால் நீர்த்துப்போனதற்குக் காரணம் அதுதான். அஞ்சு வருடம் கேசட்டைத் திட்டியது அநியாயம்.

இதில் இன்றைக்கும் ஒரு பாடம் உண்டு. உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஆல்பத்தைக் கேட்டு, “என்னப்பா, சுமாராக இருக்கிறது” என்று சொல்லிவிடாதீர்கள். ஹெட்போனிலும் முழுப் பலன் இல்லை. காதுக்கு ஒரு ஒலி என்று தனித்தனியாகப் போய்விடுவதால் அந்த பீரோ மூலை காணாமல் போய்விடுகிறது. தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது கண்டுபிடிப்புக்கு இன்னும் பல வருடம் ஆனது. அது அவ்வளவு இனிப்பாக இல்லை.

மடோனாவின் 1983ஆம் வருட முதல் ஆல்பத்தை ஒரு நாள் கேட்டேன். ‘லக்கி ஸ்டார்’ முடியவே மாட்டேன் என்கிறது. ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. டான்ஸ் கிளப்புக்காக இழுத்த ரீமிக்ஸ் போலிருக்கிறது என்று நினைத்தேன். பார்த்தால் அதுதான் மூலம். எனக்கு மனப்பாடமான மூன்றரை நிமிடச் சொச்சம்தான் வெட்டியது. ‘ஹாலிடே’ ஆறு நிமிடத்திலிருந்து நாலுக்கு வந்திருக்கிறது. ‘பார்டர்லைன்’, ‘செரிஷ்’ எல்லாவற்றிலும் கத்திரி பட்டிருக்கிறது. ‘லைக் எ வெர்ஜின்’ சீக்கிரமே குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கிவிடுகிறது. காரணம் எளிது. ஒரு சிடியில் அன்று சுமார் 74 நிமிடம்தான் கொள்ளும். 17 பாட்டைத் திணிக்க வேண்டும். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்கார்ந்தால் எல்லாரும் கொஞ்சம் ஒடுங்கத்தானே வேண்டும்.

வெட்டுவது ஒன்று, ஆளையே மாற்றுவது இன்னொன்று. ‘எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்’ 1989 ஆல்பத்தில் இசையமைப்பாளர் ஸ்டீபன் பிரேயோடு சேர்ந்து செய்தது, ட்ரம்பெட் வகையறா எல்லாம் முழங்கும் பழைய ஃபங்க் பாணிப் பாட்டு. இந்தத் தொகுப்பில் இருப்பது ஷெப் பெட்டிபோன் செய்த ரீமிக்ஸ்: ஹவுஸ் என்கிற டான்ஸ் இசையின் பேஸ், இறுக்கமான தாளம், பித்தளை வாத்தியம் கிட்டத்தட்ட அவுட். வீடியோவில் வந்ததும் இந்த வடிவம்தான் என்பதால் உலகத்துக்கு இதுதான் அந்தப் பாட்டு. ‘லைக் எ பிரேயர்’ கதையும் அப்படியே. மூலத்தில் கிடார் இரைச்சலாகக் கிளம்பி, கதவை அறைந்து சாத்தியது போல் பட்டென்று நிற்கும். அந்த மௌனத்தில் அவர் குரல் வரும். காஸ்பல் பாடகர் ஆண்ட்ரே கிரௌச்சின் குழு பின்னால் எழும்பும்போது தேவாலயத்துக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். தொகுப்பில் அடியில் ஒரு டான்ஸ் தாளம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கால் ஆடுகிறது, தேவாலயம் போய்விட்டது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ‘எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்’பில் ரீமிக்ஸ் ஜெயித்தது. ‘லைக் எ பிரேய’ரில் மூலம் ஜெயித்தது, பக்கத்திலேயே வர முடியாது. ‘ஹாலிடே’யும் ‘லக்கி ஸ்டா’ரும் வெட்டியதால் நன்றாகத்தான் ஆகியிருக்கின்றன, அந்தக் கூடுதல் இரண்டு நிமிடத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ‘இன்டு தி குரூவ்’ பற்றி இன்றுவரை முடிவு பண்ண முடியவில்லை. மூலத்தில் ஒரு முரட்டு அவசரம் இருக்கிறது. இதில் அதைக் குளிப்பாட்டித் தலைவாரி விட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு குறை சொல்லியும் ஏன் திரும்பத் திரும்ப இதற்கே வருகிறேன்? வரிசைதான் காரணம். பாட்டுகள் ஏறக்குறைய வெளியான வரிசையிலேயே இருக்கின்றன. ‘ஹாலிடே’யில் கேட்பது கீச்சென்று உற்சாகம் கொப்பளிக்கிற குரல். எட்டாவது பாட்டு ‘லிவ் டு டெல்’ வரும்போது அதே ஆள் கீழ் ஸ்தாயியில், மூச்சைப் பிடித்து, ரகசியம் காக்கிற ஒருத்தியின் குரலில் பாடுகிறார். நடுவில் மூன்றே வருடம்தான். தனித்தனி ஆல்பமாகக் கேட்டால் இந்த வளர்ச்சி பிடிபடாது. ஷஃபிளில் போட்டால் சுத்தமாகப் பிடிபடாது. தயவுசெய்து ஷஃபிளில் போடாதீர்கள்.

‘கிரேஸி ஃபார் யூ’ ஒரு சினிமாவுக்காகப் பாடியது, அதற்கு முன் அவருடைய ஸ்டுடியோ ஆல்பம் எதிலும் இல்லை. அமெரிக்காவில் ‘இன்டு தி குரூவ்’ நிலைமையும் அதேதான். வேறொரு சிங்கிளின், அதாவது ஒற்றைப் பாட்டு இசைத்தட்டின், பின்பக்கத்தில் போட்டுவிட்டதால் அங்கே முக்கியப் பாட்டுப் பட்டியலில் ஏறவே முடியாமல் போன பாட்டு அது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்ததே அன்று பெரிய விஷயம்.

இல்லாத பாட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘ஹூஸ் தட் கேர்ள்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, இதில் இல்லை. ‘ட்ரூ ப்ளூ’ இங்கிலாந்தில் முதலிடம், அதுவும் இல்லை. ‘டிரஸ் யூ அப்’ இல்லை. கல்யாண வீட்டில் நெருங்கின சொந்தக்காரரைக் கூப்பிட மறந்த மாதிரி, இல்லாத ஆளைப் பற்றித்தான் முதலில் பேச்சு வரும். எனக்கு ‘ட்ரூ ப்ளூ’வுக்காக மட்டும் வருத்தம் உண்டு.

இனி அந்தப் பதினாறாவது பாட்டு. ‘ஜஸ்டிஃபை மை லவ்’. பாடுவதே இல்லை, முணுமுணுப்பும் மூச்சும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வால்யூமைக் கூட்டி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். ‘வோக்’ முடிந்து இது ஆரம்பித்துவிட்டது. கூடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “ஏண்டா, அந்தப் பொண்ணுக்கு ஆஸ்துமாவா?” என்றார். அன்றிலிருந்து ‘வோக்’ முடியும் நேரத்தில் என் விரல் தானாக ஸ்டாப் பட்டன் மேல் போய் நிற்கும். வேலைக்குப் போய், தனியாக வீடு எடுத்து, கதவைச் சாத்திய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்தப் பாட்டின் வீடியோவை எம்டிவி ஒளிபரப்ப மறுத்தது. உடனே அதை ஒற்றைப் பாட்டு வீடியோ கேசட்டாகவே விற்றார்கள். ஏபிசி தொலைக்காட்சியின் ‘நைட்லைன்’ நிகழ்ச்சியில் முழு வீடியோவையும் காட்டி மடோனாவையே உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். தடைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. 1991 ஜனவரியில் பாட்டு அமெரிக்காவில் முதலிடம். அடியில் ஓடும் அந்த டிரம்ஸ் பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் பதிவிலிருந்து வந்தது. வரிகளில் பெரும்பங்கு எழுதிய பாடகி இங்க்ரிட் சாவேஸின் பெயர் முதலில் போடப்படவில்லை, வழக்கு, சமரசம் என்று போய்த்தான் சேர்ந்தது. கடைசிப் பாட்டு ‘ரெஸ்க்யூ மீ’ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இடி, மழை, நல்ல பேஸ்.

ஆல்பத்துக்கு வரவேற்பு எப்படி? இங்கிலாந்தில் 9 வாரம் முதலிடம். அமெரிக்காவில் இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை, ஏனென்றால் அப்போது மேலே உட்கார்ந்து நகர மறுத்தவர் ராப் பாடகர் வெனிலா ஐஸ். இன்று அவர் ஆல்பத்தை யார் வீட்டில் தேடினாலும் கிடைக்காது, மடோனாவுடையது 3 கோடிக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். கறாரான விமர்சகர் என்று பெயரெடுத்த ராபர்ட் கிறிஸ்ட்காவ் ‘ஏ பிளஸ்’ கொடுத்தார். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலிலும் இது உண்டு. பழைய பாட்டுகளைத் தொகுத்து விற்கிற சரக்குக்கு அந்த மரியாதை எளிதில் கிடைப்பதில்லை. மூல வடிவங்கள் இல்லையே என்ற புகாரும் அன்றிலிருந்து இன்றுவரை கூடவே வருகிறது. நியாயமான புகார்.

பிறகு இதே மாதிரித் தொகுப்புகளாக 2001இல் ‘ஜிஎச்வி2’, 2009இல் இரட்டை சிடியாக ‘செலிபிரேஷன்’ வந்தன. ‘செலிபிரேஷ’னில் பாட்டுகள் அதிகம், காசுக்குப் பழுதில்லை. ஆனால் வரிசை கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு. நான் இரண்டு தரம் கேட்டுவிட்டு அலமாரியில் வைத்தேன், அங்கேயே இருக்கிறது.

மடோனாவை முதன்முதலாகக் கேட்கப் போகிறவர் என்றால் இதில் ஆரம்பியுங்கள், கையோடு 1989இன் ‘லைக் எ பிரேயர்’ ஆல்பத்தையும் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே எல்லா ஆல்பமும் வைத்திருப்பவருக்கும் இதில் புதிதாகக் கேட்க விஷயம் இருக்கிறது. ஸ்பீக்கர் இரண்டையும் ஆறேழு அடி தள்ளி வையுங்கள், நீங்கள் அவற்றிலிருந்து அதே தூரத்தில் முக்கோணத்தின் மூன்றாவது முனையில் உட்காருங்கள். பதினைந்தாவது பாட்டு ‘வோக்’கைப் போடுங்கள்.

ஆம்ப்ளிஃபயரில் பேலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கிறதா என்றும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் தூசி தட்டும்போது யாரோ அதை இடது பக்கம் திருப்பிவிட்டார்கள். பதினோரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அதுவரை, வயதாகிவிட்டது, வலது காது மந்தமாகிவிட்டது என்று டாக்டரிடம் போய் டெஸ்ட் எல்லாம் எடுத்திருந்தேன்.