வருடா வருடமா, மூன்று வருடத்துக்கு ஒருமுறையா?

நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி வருடா வருடம் போடுவதுதான் இங்கே இலங்கையில் வழக்கம். அமெரிக்காவின் பல மாநிலங்களில், முதல் ஊசி போட்டு ஒரு வருடத்தில் இரண்டாவதையும் போட்டுவிட்டால், அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும், அதற்கென்றே அனுமதி பெற்ற ஊசிகள் இருக்கின்றன. ஊசி போட்ட திகதி எழுதிய கார்டைப் பத்திரமாக வைத்து, கேற் பூட்டி வளர்க்கிற கொக்குவில் வீட்டு நாய்க்கு இது நல்ல மாற்றம், வரட்டும்.

ஆனால் ஒழுங்கையில் நாலு வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு திரிகிற நாய்க்கு? எப்போது போட்டது என்று யாருக்குத் தெரியும்! குட்டிகள் வேறு பிறந்துகொண்டே இருக்கும். நூற்றுக்கு 70 நாய்களுக்காவது ஊசி ஏறியிருந்தால்தான் நோய் அடங்கும் என்பதால் அங்கே வருடாந்த முகாமே சரி. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க் கட்டளைச் சட்டத்தைத் திருத்துவதென்றால், கார்ட் காட்டுபவருக்கு மட்டும் மூன்று வருடம் என்று எழுதச் சொல்வேன்.