பட்டியலா, சான்றிதழா, சொந்தக் கணக்கா: மருத்துவமனையின் தரம் எதனால் உயர்கிறது?

தரத்தை உயர்த்த வேண்டும் என்று ஒரு மருத்துவமனை முடிவு செய்ததும், கூட்டத்தில் மூன்று யோசனைகள் எழும். ஆபரேஷன் தியேட்டரிலும் பிரசவ அறையிலும் சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவரலாம் என்பார் ஒருவர். என்.ஏ.பி.எச். (மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அல்லது என்குவாஸ் (தேசியத் தர உறுதித் தரநிலைகள்) சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்பார் இன்னொருவர். முதலில் நம்மிடம் வருபவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று வருகிறது, எத்தனை பேர் இறக்கிறார்கள், ஏன் இறக்கிறார்கள் என்று கணக்கெடுப்போம் என்பார் மூன்றாமவர். பெரும்பாலான கூட்டங்களில் மூன்றாமவர் பேச்சுதான் முதலில் அடிபட்டுப் போகும். பட்டியலைச் சுவரில் ஒட்டலாம், சான்றிதழை வரவேற்பறையில் மாட்டலாம். தொற்றுக் கணக்கை வெளியே காட்ட யாருக்கும் மனம் வராது.

இந்த மூன்று வழிகளைப் பற்றியும் நல்ல ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் படித்த பிறகு நான் மூன்றாமவர் பக்கம். அதற்காக மற்ற இரண்டும் வீண் என்று சொல்ல வரவில்லை. எந்த இடத்துக்கு எது முதலில் என்பதில்தான் நாம் தவறுகிறோம்.

பட்டியல்: ஒரே காகிதம், நேரெதிர் முடிவுகள்

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் ஒரு பக்கம்தான். 19 அம்சங்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என்று மூன்று இடங்களில் எல்லாரும் கை வேலையை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோயாளி இவர்தானா, வலதா இடதா, மருந்து ஒவ்வாமை உண்டா, ஆன்டிபயாடிக் கடந்த 60 நிமிடத்துக்குள் போட்டாயிற்றா, பஞ்சு, ஊசி எண்ணிக்கை சரியா.

டெல்லி, மணிலா, அம்மான், தான்சானியாவின் இஃபகாரா, லண்டன், சியாட்டில், டொரன்டோ, ஆக்லாந்து ஆகிய எட்டு இடங்களில் இதைச் சோதித்தார்கள். 2009-ல் வெளியான முடிவு மருத்துவ உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7-க்கும் இறங்கியிருந்தன. செலவு ஒரு தாள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதைக் கட்டாயமாக்கியது. 101 மருத்துவமனைகளில், பட்டியல் வருவதற்கு முந்தைய மூன்று மாதங்களையும் பிந்தைய மூன்று மாதங்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2014-ல் வந்தது. இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65. புள்ளியியல் கண்ணுக்கு அது மாற்றமே இல்லை. சிக்கல்கள் 3.86-லிருந்து 3.82. இத்தனைக்கும் பட்டியலைக் கிட்டத்தட்ட முழுமையாகப் பின்பற்றுவதாகவே அந்த மருத்துவமனைகள் அறிக்கை கொடுத்திருந்தன. மூன்று மாதம் போதாது என்று சிலர் வாதிட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைத்த முடிவையும் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. அங்கே விருப்பப்பட்டுச் சேர்ந்து, தங்கள் இடத்துக்கு ஏற்பப் பட்டியலைத் திருத்தி, பயிற்சியை இறுதிவரை முடித்த மருத்துவமனைகள் 14. அவற்றில் இறப்பு 3.38 சதவீதத்திலிருந்து 2.84 ஆனது. மற்ற மருத்துவமனைகளில் 3.50-லிருந்து 3.71. தானாக முன்வருபவர்கள் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்கள் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், கட்டாயத்துக்கு நிரப்பிய தாளும் மனம்வைத்து நடத்திய உரையாடலும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பது தெரிகிறது.

தியேட்டரில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கத்தி வைக்கும் முன் சிஸ்டர் “டைம் அவுட்” என்று சொன்னதும் சர்ஜன் கையை எடுத்துவிட்டு நிற்கிறார், அனஸ்தெடிஸ்ட் மானிட்டரிலிருந்து திரும்புகிறார், நோயாளியின் பெயரும் எந்தப் பக்கம் என்பதும் கேட்கும்படி சொல்லப்படுகிறது. இது ஒரு வகை. அன்றைய கேஸ் எல்லாம் முடிந்தபின் கேஸ் ஷீட்டுகளை வரிசையாக வைத்து, 19 கட்டங்களுக்கும் ஒரே மையில் டிக் போடுவது இன்னொரு வகை. ஆடிட்டில் இரண்டுமே 100 சதவீதம்தான்.

நம் நாட்டுக்கு மிகவும் நெருக்கமான ஆய்வு உத்தரப் பிரதேசத்தில் நடந்தது. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிரசவத்துக்கென உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 28 அம்சப் பட்டியலை 24 மாவட்டங்களில் சோதித்தார்கள். மொத்தம் 120 அரசு மருத்துவ நிலையங்கள்: பாதியில் பட்டியலும் எட்டு மாதம் நேரில் வந்து வழிகாட்டும் பயிற்றுநர்களும், மீதிப் பாதியில் வழக்கமான நடைமுறை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். இந்தத் துறையில் இவ்வளவு பெரிய, இவ்வளவு கவனமாக நடத்தப்பட்ட சோதனைகள் மிகக் குறைவு.

பயிற்சி தொடங்கி இரண்டு மாதத்தில் 18 முக்கியச் செயல்களில் 73 சதவீதம் சரியாகச் செய்யப்பட்டது. ஒப்பீட்டு நிலையங்களில் அது 42 சதவீதம். கை கழுவுவதிலிருந்து குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்து வைப்பது வரை எத்தனையோ மேம்பட்டன. ஆனால் தாய் இறப்பு, பச்சிளம் குழந்தை இறப்பு, தாய்க்கு வந்த கடும் சிக்கல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது ஒரு பக்கம் 15.1 சதவீதம், மறு பக்கம் 15.3. அதாவது வித்தியாசமே இல்லை. பயிற்றுநர்கள் விலகிய நான்கு மாதத்தில் 73 சதவீதம் 62-க்கு இறங்கியும் விட்டது.

2017-ல் இந்த முடிவு வந்தபோது பலர் சோர்ந்து போனார்கள். எனக்கு இது மிக நேர்மையான, மிகப் பயனுள்ள முடிவு. மூச்சுவிடாமல் பிறந்த குழந்தைக்குக் காற்றுப்பை பிடிக்கத் தேர்ந்த கை வேண்டும். ரத்தப்போக்குக்கு ரத்தம் வேண்டும், சிசேரியன் செய்யக்கூடிய இடம் எட்டும் தூரத்தில் வேண்டும். இவை இல்லாத இடத்தில் பட்டியல் என்ன செய்ய முடியும்? தெரிந்ததை மறக்காமல் செய்ய அது உதவும். தெரியாததைக் கற்றுத்தரவோ, இல்லாததை வரவழைக்கவோ அதனால் ஆகாது.

சான்றிதழ்: கட்டமைப்புக்கு நல்லது, உயிருக்கு?

இந்தியாவில் தனியார் மருத்துவமனைகள் பெரும்பாலும் நாடுவது என்.ஏ.பி.எச். 2020-ல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் 10 அத்தியாயங்கள், 100 தரநிலைகள், 651 கூறுகள் இருந்தன. அரசு மருத்துவமனைகளுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2013-ல் கொண்டுவந்த என்குவாஸ். பிரசவ அறைக்கென 2017-ல் வந்த லக்‌ஷ்யாவும் அதே குடும்பம்தான்.

சான்றிதழ் பெற்ற இடத்தில் நோயாளிகள் குறைவாக இறக்கிறார்களா? அமெரிக்காவில் 4,400 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்ட 2018-ஆம் ஆண்டு ஆய்வு இதை நேரடியாகக் கேட்டது. தனியார் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்றவை ஒரு பக்கம், மாநில அரசின் ஆய்வை மட்டும் ஏற்றவை மறு பக்கம். மருந்து சிகிச்சைக்குச் சேர்ந்த முதியவர்களில் 30 நாள் இறப்பு 10.2 சதவீதமும் 10.6 சதவீதமும், உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு இல்லை. அறுவை சிகிச்சையில் இரண்டு பக்கமும் 2.4. இந்தத் தனியார் அமைப்புகளில் புகழ்பெற்ற ஜாயின்ட் கமிஷனின் அங்கீகாரம் மற்ற அங்கீகாரங்களை விட மேலானது என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு. ஜாயின்ட் கமிஷன் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பில்லாமல் வருவார்கள். அவர்கள் வந்திருந்த வாரங்களில் சேர்ந்த நோயாளிகளையும், அதற்கு முன்னும் பின்னுமான வாரங்களில் சேர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆய்வு வாரத்தில் 30 நாள் இறப்பு 7.03 சதவீதம், மற்ற வாரங்களில் 7.21. பெரிய போதனா மருத்துவமனைகளில் இடைவெளி இன்னும் அதிகம்: 5.93-க்கு எதிராக 6.41. அதே டாக்டர்கள், அதே நர்சுகள், அதே படுக்கைகள். யாரோ பார்க்கிறார்கள் என்ற கவனம் மட்டுமே புதிது. பார்வை விலகியதும் பழைய எண்ணிக்கைக்கே திரும்பிவிடுகிறது.

ஆனால் நம் சூழலில் சான்றிதழை இந்த எண்களை மட்டும் வைத்து எடைபோடுவது நியாயமாகாது. அமெரிக்காவில் சான்றிதழ் இல்லாத மருத்துவமனையிலும் தண்ணீர் வரும், ஆக்சிஜன் இருக்கும். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்குவாஸ் என்றால் பிரசவ அறையில் முழங்கையால் திறக்கும் குழாய், ஜெனரேட்டர், கலர் பைகளில் பிரிக்கப்பட்ட மருத்துவக் கழிவு, காலாவதியாகாத அவசர மருந்துகள். ஆய்வாளர் நேரில் பார்க்கிறார், ஊழியரிடம் கேட்கிறார், பதிவேட்டைப் புரட்டுகிறார், நோயாளியிடமும் பேசுகிறார். ஒவ்வோர் அம்சத்துக்கும் 0, 1 அல்லது 2. மதிப்பெண் குறைந்த இடம் எது என்று எழுத்தில் இருக்கும்போது, அதைக் காட்டி மாவட்டத்தில் நிதி கேட்க ஒரு மருத்துவ அலுவலருக்குத் தெம்பு கிடைக்கிறது. இல்லாததைக் கேட்டு வாங்க அரசு அமைப்புக்குள் இதைவிட வலுவான கருவி இல்லை. உத்தரப் பிரதேச ஆய்வில் பட்டியல் மோதி நின்ற சுவர் அந்த இல்லாமைதான்.

தனியார் மருத்துவமனைக்குக் கதை வேறு. அங்கே கட்டடமும் கருவியும் ஏற்கெனவே இருக்கும். காப்பீட்டுக் கட்டணம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காகவே சான்றிதழ் தேடுபவர்கள் அதிகம். அதில் குற்றமில்லை, ஆனால் அதைத் தர மேம்பாடு என்று ஊழியர்களிடம் சொல்லக்கூடாது. ஆய்வாளர் வரப்போகிறார் என்று இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து பழைய பதிவேடுகளை நிரப்பிய ஒரு நர்சு, அடுத்த முறை தரம் என்ற பேச்சு எழும்போது அதை எப்படி நம்புவார்?

சொந்தக் கணக்கு: கடினம், ஆனால் நிற்கிறது

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் நடந்ததைப் பலரும் பட்டியலின் வெற்றியாகவே சொல்கிறார்கள். 103 ஐ.சி.யூ.க்கள். கழுத்து, நெஞ்சு வழியாக இதயத்துக்கு அருகில் போகும் சென்ட்ரல் லைன் மூலம் வரும் ரத்தத் தொற்றைக் குறைப்பது நோக்கம். கை கழுவு, உடல் முழுக்க மூடு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடை, தொடையில் போடாதே, தேவை முடிந்ததும் எடுத்துவிடு: ஐந்தே விதிகள். 1,000 லைன் நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் லைனோடு இருந்தால் ஒரு லைன் நாள்) 7.7 என்றிருந்த சராசரித் தொற்று, 18 மாதத்துக்குள் 1.4 ஆனது. 2006-ல் இது வெளிவந்தது.

ஆனால் அதை நடத்திய பீட்டர் ப்ரோனோவோஸ்ட்டும் சக ஆய்வாளர்களும் 2009-ல் எழுதிய கட்டுரையில், பட்டியல்தான் சாதித்தது என்ற புரிதலை வெளிப்படையாகவே மறுத்தார்கள். ஒவ்வொரு ஐ.சி.யூ.வுக்கும் அதன் சொந்தத் தொற்று எண்ணிக்கை திரும்பத் திரும்பப் போய்ச் சேர்ந்தது. விதி மீறினால் டாக்டரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நர்சுக்கு இருந்தது. லைன் போடத் தேவையான எல்லாம் ஒரே டிராலியில் வைக்கப்பட்டன. எண்ணிக்கைதான் மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனது என்பேன்.

இந்த எண்ணும் வேலை எவ்வளவு எளிது என்று பலருக்குத் தெரியாது. தினமும் ஒரே நேரத்தில் ஐ.சி.யூ.வைச் சுற்றிவந்து, எத்தனை பேருக்கு சென்ட்ரல் லைன் இருக்கிறது என்று எழுத வேண்டும். ஒருவருக்கு இரண்டு லைன் இருந்தாலும் ஒன்றுதான். மாதக் கடைசியில் கூட்டினால் லைன் நாட்கள் கிடைக்கும். கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) உறுதியான தொற்றுகளை அந்த எண்ணால் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் விகிதம். ஒரு நோட்டும் ஒரு பேனாவும், இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டரின் கொஞ்ச நேரமும் போதும்.

நம் ஊரில் இதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கியது. அங்கே கண்புரை அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களை அறுவை செய்தவர் வாரியாகப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவு இருந்ததால்தான் ஒரு கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொல்ல முடிந்தது: அறுவை முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் செலுத்தினால் உள்கண் தொற்று குறையுமா? ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை அலசி 2017-ல் வந்த விடை: 0.07 சதவீதத்திலிருந்து 0.02. பத்தாயிரத்தில் ஏழு கண்கள் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. இவ்வளவு அரிதான பாதிப்பை யாரும் அனுபவத்தால் உணர முடியாது. கணக்கு ஒன்றுதான் அதைக் காட்டும்.

அரசுத் துறையிலும் தமிழ்நாட்டுக்கு இப்படியொரு மரபு உண்டு. மகப்பேறில் இறந்த ஒவ்வொரு தாயின் மரணத்தையும் ஏன் என்று விசாரிக்கும் வழக்கம் இங்கே 1990-களிலேயே தொடங்கிவிட்டது. பரிசோதனையில் என்ன விடுபட்டது, ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, எத்தனை மருத்துவமனைகளுக்கு மாற்றினார்கள், ரத்தம் கிடைத்ததா என்று அடுக்கடுக்காகக் கேட்பார்கள். ஆட்சியர் தலைமையிலான கூட்டத்தில் இறந்தவரின் உறவினரும் பேசலாம். 2018-20 கணக்கில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. 24 மணி நேரப் பிரசவ வசதி, 108 என்று காரணங்கள் பல. எது விடுபடுகிறது என்று அந்த விசாரணைகள் தொடர்ந்து சொன்னதற்கும் அதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இந்த வழிக்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கணக்கு தண்டனைக்கு வழியாகிவிட்டால் அன்றோடு அது பொய்யாகிவிடும். தொற்று எண்ணிக்கை கூடிய மாதத்தில் மெமோ கொடுத்தால், அடுத்த மாதம் கல்ச்சர் அனுப்புவதே குறையும். விகிதம் அழகாக இறங்கும், நோயாளி அப்படியே இறப்பார். விசாரணையில் முதல் கேள்வி “யார் செய்தது” என்று இருந்தால் கேஸ் ஷீட் திருத்தப்படும்.

எங்கே எது முதலில்

தண்ணீரும் மின்சாரமும் ரத்தமும் உறுதியில்லாத அரசு நிலையத்தில் என்குவாஸிலிருந்தே தொடங்குங்கள். அடிப்படை வரும்வரை பட்டியலால் பெரிய பலன் இருக்காது.

கட்டடமும் ஆட்களும் இருக்கும் முப்பது, ஐம்பது படுக்கை நர்சிங் ஹோமுக்கு என் பதில் வேறு. சான்றிதழுக்கு ஆலோசகரைப் பிடிக்கும் முன் நோயாளிக்கு வரும் ஒரே ஒரு பாதிப்பைத் தேர்ந்தெடுங்கள். சிசேரியன் தையலில் சீழ் பிடிப்பது நல்ல தொடக்கம். வீட்டுக்குப் போன பிறகுதான் பெரும்பாலும் அது தெரியும் என்பதால், அறுவைக்குப் பின் 30 நாள் வரை போனில் கேட்க வேண்டும். ஆறு மாதம் யாரையும் திட்டாமல் எண்ணுங்கள். எண் கையில் வந்ததும் பட்டியலை எடுங்கள். ஆன்டிபயாடிக் எத்தனை நிமிடத்துக்கு முன் போட்டோம் என்ற கேள்விக்கு அப்போது தியேட்டரில் எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும்.

பெரிய போதனா மருத்துவமனைகளுக்கு மூன்றும் வேண்டும், மூன்றையும் செய்ய ஆட்களும் இருக்கிறார்கள். அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: வார்டு வாரியான தொற்று விகிதம் அந்த வார்டு நர்சுகளுக்குப் போய்ச் சேர்கிறதா, இல்லை தரப் பிரிவின் கணினியிலேயே தங்கிவிடுகிறதா?