முதல் இரவின் 43 நிமிடங்கள்: ஆண்ட்ரோமீடாவோடு பதினாறு மாதங்கள்

என் கணினியில் 'முதல் இரவு' என்று ஒரு கோப்புறை இருக்கிறது. பெயர் வைத்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டுத்தான் திறக்கிறார்கள். உள்ளே இருப்பவை ஆண்ட்ரோமீடா பேரடையின் (கேலக்ஸி) 80 படங்கள், ஒவ்வொன்றும் 60 விநாடி. அவற்றில் தேறியவை 43. அந்த 43 நிமிட வெளிச்சத்தை இந்தப் பதினாறு மாதங்களில் மூன்று முறை முதலிலிருந்து பதப்படுத்தியிருக்கிறேன். கோப்புகள் அவையேதான், கணினியும் அதேதான். ஆனால் மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்று வெவ்வேறு ஆட்கள் எடுத்தவை போல இருக்கின்றன.

கருவிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து வயதான டிஎஸ்எல்ஆர் கேமரா, 135 மி.மீ. லென்ஸ், ஆடாத முக்காலி, அதன் மேல் வானம் சுற்றும் வேகத்துக்குக் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்கும் சிறிய டிராக்கர். தொலைநோக்கி கிடையாது. பேரடை என்றால் பெரிய தொலைநோக்கி இல்லாமல் ஆகாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருந்தாலும் ஆண்ட்ரோமீடா நம் வானத்தில் ஏறக்குறைய 3 பாகை நீளத்துக்குக் கிடக்கிறது. ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்தால் வரும் நீளம் அது. வெறும் கண்ணுக்குத் தெரிவது அதன் நடுப்பகுதி மட்டும். மிச்சமெல்லாம் அவ்வளவு மங்கல். 135 மி.மீ. லென்ஸில் முழுப் பேரடையும் சட்டத்துக்குள் தாராளமாக அடங்குகிறது.

டிராக்கர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. என் கேமராவின் ஒரு படப்புள்ளி (பிக்சல்) இந்த லென்ஸில் வானத்தின் 6 வில்விநாடியைப் பார்க்கிறது; ஒரு பாகையில் 3,600 வில்விநாடி. ஆண்ட்ரோமீடா இருக்கும் பகுதி விநாடிக்கு 11 வில்விநாடி நகர்கிறது. அதாவது விநாடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு படப்புள்ளி. 60 விநாடி திறந்து வைத்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் நூறு புள்ளி நீளத்துக்குக் கோடாகிவிடும். டிராக்கர் இல்லாமலும் எடுக்கலாம்தான். இரண்டு விநாடிப் படங்களாக ஆயிரக்கணக்கில் எடுத்து அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பொறுமை எனக்கு இல்லை.

டிராக்கரின் அச்சை, வானம் சுற்றுவதுபோல் தெரியும் மையமான வான துருவத்துக்கு நேராக நிறுத்துவதுதான் முதல் சோதனை. துருவ நட்சத்திரத்தை, டிராக்கரின் குறிபார்க்கும் குழாயில் தெரியும் சிலுவைக் குறியின் நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்தேன். துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்தில் இல்லை. முழுநிலவின் அகலத்தைவிடச் சற்று அதிகமாகவே விலகியிருக்கிறது. அன்றைய தேதிக்கும் நேரத்துக்கும் ஏற்ப, சிலுவையைச் சுற்றிய வட்டத்தின் எந்த இடத்தில் அதை வைக்க வேண்டும் என்று கைபேசிச் செயலி காட்டும். இதைத் தெரிந்துகொள்வதற்குள் 17 படங்கள் போயின. பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்த முட்டைகளாக இருந்தன.

இத்தனை மாதம் புழங்கிய பிறகு டிராக்கரைப் பற்றி என் தீர்ப்பு: மோட்டாரைக் குறை சொல்ல வழியில்லை, உயரத்தைச் சரிசெய்யும் திருகாணியை நம்ப வழியில்லை. ஆட்டம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இறுக்கும்போது அச்சு அரைப் பாகை நழுவுகிறது. அதனால் இறுக்கிய பின்னர் ஒரு முறை, கேமராவை மாட்டிய பின்னர் ஒரு முறை என்று இரண்டு தடவை சரிபார்க்கிறேன். கேமராவின் எடை ஏறியதும் துருவ நட்சத்திரம் இடம் மாறாமல் இருந்த நாள் இதுவரை வந்ததில்லை.

ஃபோகஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லென்ஸில் முடிவிலிக் குறி போட்டிருக்கும் இடம் முடிவிலி அல்ல. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஆகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் வளையத்தை நாடாவால் ஒட்டிவிட வேண்டும். பாட்டினோவ் முகமூடி என்று வரிவரியாக வெட்டிய ஒரு மூடி உண்டு. லென்ஸின் முன் வைத்தால் நட்சத்திரத்தைச் சுற்றி மூன்று கோடுகள் தோன்றும், நடுக்கோடு சரியாக நடுவில் நின்றால் ஃபோகஸ் சரி. இரவு குளிரக் குளிர அதுவும் நகரும், ஆகவே மணிக்கொரு முறை பார்ப்பது நல்லது.

பனிதான் என்னை ஏமாற்றியது. கடைசி 20 படங்களில் நட்சத்திரங்களைச் சுற்றி மெல்லிய வெண்வட்டம். மெல்லிய மேகம் கடக்கிறது, விலகிவிடும் என்று காத்திருந்தேன். தலைக்கு மேலே மேகமே இல்லை. சந்தேகப்பட்டு லென்ஸின் மேல் டார்ச் அடித்தேன். கண்ணாடி முழுதும் யாரோ வாய் வைத்து ஊதியதுபோல வெள்ளையாக இருந்தது. துடைத்தால் மறுபடி படியும். மறுநாளே லென்ஸைச் சுற்றிக் கட்டும் வெப்பப் பட்டை ஒன்று வாங்கினேன். பவர் பேங்க்கில் ஓடும். இந்தப் பொழுதுபோக்குக்கு நான் வாங்கியதிலேயே வருந்தாத பொருள் அதுதான். வருந்தியது ஒளிமாசு வடிகட்டி. ஒளிரும் வாயு முகில்களுக்கு அது உதவும், ஏனென்றால் அவை குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டும் ஒளிர்கின்றன. பேரடையின் வெளிச்சம் கோடிக்கணக்கான நட்சத்திரங்களுடையது, எல்லா நிறத்திலும் பரவியிருக்கிறது. வடிகட்டி தெருவிளக்கோடு சேர்த்து ஆண்ட்ரோமீடாவையும் வடிகட்டியது.

அன்றிரவு கேமராவின் பின்திரையில் தெரிந்தது பழுப்பு வானத்தில் ஒரு சாம்பல் கறை. பாரசீக வானியலாளர் அல்-சூஃபி 964-ஆம் ஆண்டு வாக்கில் இதைச் 'சிறு மேகம்' என்று குறித்து வைத்தார். ஆயிரம் ஆண்டு கழித்து என் கேமராவும் அதையே சொன்னது.

இனிப் பதப்படுத்தும் வேலை. இங்கேதான் பதினாறு மாதமும் போயிற்று.

நான் பயன்படுத்துவது சிரில் என்ற இலவச மென்பொருள். 43 படங்களையும் நட்சத்திரங்களை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்துத் தரும். நட்சத்திரமும் பேரடையும் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். இரைச்சல், அதாவது படத்தில் தாறுமாறாகத் தெரியும் பொய்ப் புள்ளிகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் விழும். சராசரி எடுக்கும்போது இரைச்சல் அடங்கிவிடும். அடுக்கி முடித்துத் திறந்தால் திரை கறுப்பு. நாலைந்து வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான். இரண்டாம் முறை அடுக்கினேன். மறுபடி கறுப்பு. கீழே காட்சி முறையைத் 'தானியங்கி நீட்டல்' என்று மாற்றினால் தெரியும் என்று படித்து, மாற்றினேன். பேரடை அப்படியே எழுந்து நின்றது. இருண்ட தூசிப் பட்டையும், கீழே ஒரு துணைப் பேரடையும்! உடனே ஜேபெக் கோப்பாகச் சேமித்து நண்பருக்கு அனுப்பினேன். "ஏன் கறுப்புப் படம் அனுப்பியிருக்கிறாய்?" என்று பதில் வந்தது.

அந்த நீட்டல் கண்ணுக்கு மட்டும். தரவைத் தொடுவதில்லை. கேமரா உணரி வெளிச்சத்தை நேர்விகிதத்தில் பதிவு செய்கிறது. பேரடையின் வெளிச்சம் முழுதும், இருட்டிலிருந்து வெளிச்சம் வரை எத்தனை புள்ளிகள் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் இடது சுவரோடு ஒட்டிய ஒரு மெல்லிய ஊசிக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. அந்த ஊசியை விரித்து நம் கண்ணுக்கேற்ற வெளிச்சமாக மாற்றும் வேலையை நாமே செய்ய வேண்டும். எவ்வளவு விரிப்பது என்பதில்தான் ஆளுக்கு ஆள் படம் மாறுகிறது.

முதல் பதிப்பில் நான் விரித்த விரிப்பில் நடுப்பகுதி சுண்ணாம்பாக வெந்துவிட்டது. வானத்தை மையாகக் கறுப்பாக்கினேன், ஏனென்றால் வானம் கறுப்பு என்று எனக்கு நினைப்பு. நிறத்தை ஏற்றினேன்; இரைச்சலுக்கும் சேர்த்து நிறம் ஏறியது. நீலமும் பச்சையுமாகத் தெரிந்த திட்டுகளை கிம்ப் மென்பொருளில் ஒவ்வொன்றாகப் பூசி மறைத்தேன். எம் 32 என்ற துணைப் பேரடையை வீங்கிய நட்சத்திரம் என்று எண்ணிச் சுருக்கினேன். ஒரு வாரம் கைபேசித் திரையில் அதைத்தான் வைத்திருந்தேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். பாராட்டியவர்களை நம்பியதில் ஐந்து மாதம் வீண்.

இரண்டாம் பதிப்பு வேறு திசையில் தவறியது. இதற்குள் பின்னணிச் சாய்வை நீக்குவதைக் கற்றிருந்தேன். நகர வெளிச்சத்தால் படத்தின் ஒரு மூலை வெளுத்தும் மறு மூலை இருண்டும் இருக்கும். வெற்று வானத்தில் மாதிரிப் புள்ளிகள் வைத்தால், மென்பொருள் அந்தச் சாய்வைக் கணித்துக் கழித்துவிடும். தானாகவே புள்ளி வைக்கச் சொன்னேன். சட்டம் முழுக்கக் கட்டம் கட்டியதுபோலப் புள்ளிகள் விழுந்தன. கழித்ததும் பின்னணி துடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. பிறகு நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டபோதுதான் என் ஆண்ட்ரோமீடா 2 பாகைக்கும் குறைவாக இருப்பதைப் பார்த்தேன். பேரடையின் வெளி விளிம்பில் விழுந்த புள்ளிகளையும் வெற்று வானம் என்று கொண்டு, அந்த வெளிச்சத்தையும் மென்பொருள் கழித்திருக்கிறது. அதற்குச் சொன்னவன் நான். எம் 110 என்ற இன்னொரு துணைப் பேரடையின் மங்கலான வெளிச்சத்தில் பாதியும் அதோடு போயிருந்தது.

இப்போது நான் புள்ளி வைப்பது இப்படி: பேரடையின் எல்லைக்கு வெளியே நன்றாகத் தள்ளி, முப்பதுக்கும் குறைவான புள்ளிகள், ஒவ்வொன்றையும் என் கையால். சாய்வைக் கணிக்க மென்பொருளிடம் மிகக் குறைந்த வளைவுதான் கேட்கிறேன். ஒரு மூலை சற்றே சாய்ந்து தெரிந்தால் தெரியட்டும்.

நிறத்துக்கு சிரில் செய்வது எனக்கு இன்றும் வியப்பு. நட்சத்திரங்களின் அமைப்பைப் பார்த்தே வானத்தின் எந்த இடம் என்று கண்டுபிடித்துவிடுகிறது. பிறகு அங்குள்ள நட்சத்திரங்களின் அளந்தறிந்த நிறத்தை கையா விண்கலத்தின் அட்டவணையில் எடுத்து, என் படத்தின் நிறத்தை அதற்கு ஒப்பச் சரிசெய்கிறது. கேமரா உணரி சிவப்பு, நீலத்தைவிடப் பச்சை வெளிச்சத்தை அதிகமாக உணர்வதால் வரும் பச்சைச் சாயமும் ஒழிகிறது. இதை விட்டுவிட்டுக் கண்ணால் நிறம் சரிசெய்தேனே என்று முதல் பதிப்பைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஒன்று மட்டும் திரும்பக் கிடைக்காது: ஃப்ளாட் படங்கள். லென்ஸின் முன் வெள்ளைத் துணி கட்டிச் சீரான வெளிச்சத்தில் எடுப்பவை. மூலை இருட்டையும் உணரித் தூசியையும் கழிக்க உதவும். அதே ஃபோகஸ், அதே நிலையில் எடுத்தால்தான் பலன். லென்ஸை மூடி எடுக்கும் டார்க் படங்களை அதே குளிருள்ள வேறொரு நாளில் எடுத்துச் சேர்த்துவிட்டேன். ஃப்ளாட்டுக்கு அந்த வழியில்லை. பேரடையின் வலப்பக்கம் ஒரு தூசி வளையம் மூன்று பதிப்பிலும் இருக்கிறது.

இடையில் வேறு இரவுகளிலும் எடுத்து மொத்தம் 6 மணி 10 நிமிடம் சேர்த்திருக்கிறேன். இரைச்சல் காலத்தின் வர்க்கமூலத்துக்குத்தான் கட்டுப்படும். நான்கு மடங்கு நேரம் கொடுத்தால் இரு மடங்கு தெளிவு. என் எட்டரை மடங்கு உழைப்புக்குக் கிடைத்தது ஏறக்குறைய மூன்று மடங்கு. முதல் மூன்று மணி நேரத்தில் தெரிந்த வளர்ச்சி அதற்குப் பின் கண்ணுக்குத் தெரியவில்லை. கேமராவை மாற்ற நினைத்தவன் அந்தக் கணக்கைப் போட்டதும், நிலவில்லாத இரவுகளை நாட்காட்டியில் குறிக்கத் தொடங்கினேன்.

மூன்றாம் பதிப்பைப் போன மாதம் செய்தேன். நீட்டலை ஒரே இழுப்பாக இல்லாமல் சிறுசிறு படிகளாக, நடுப்பகுதி வெளுக்கத் தொடங்கும் முன்பே நிறுத்தினேன். வானத்தை அடர்சாம்பலாகவே விட்டேன். இரைச்சல் நீக்கியைத் தொடவில்லை. படம் சொரசொரப்பாக இருக்கிறது. பக்கத்தில் வைத்தால் முதல் பதிப்பைத்தான் பலரும் தேர்ந்தெடுப்பார்கள்.

1923-இல் எட்வின் ஹப்பிள் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் இதே பேரடையில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டு, இது நம் பால்வழிக்கு வெளியே இருப்பது என்று காட்டினார். அந்த நட்சத்திரத்தை என் படத்தில் தேடுவது வீண், என் லென்ஸுக்கு எட்டாத அளவுக்கு அது மங்கல். எது எட்டும் என்று பார்த்தபோது என்ஜிசி 206 கிடைத்தது. 1786-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்ட நட்சத்திர மேகம், தென்மேற்குக் கரத்தில் இருக்கிறது. மூன்றாம் பதிப்பில் அந்த இடத்தைப் பெரிதாக்கினேன். நாற்பது படப்புள்ளி நீளத்தில், நீலம் கலந்த சிறு கீற்று. 43 நிமிடத்தில் விழுந்திருக்கிறது!

முதல் பதிப்பின் கிம்ப் கோப்பை அடுக்குகளோடு வைத்திருந்தேன். திறந்து, மேலடுக்கை மட்டும் அணைத்து ஏற்றிப் பார்த்தேன். அணைத்தால் கீற்று தெரிகிறது. ஏற்றினால் அதே இடத்தில் வட்டமாக ஒரு தூரிகைத் தடம். நிறத்திட்டு என்று எண்ணி, பக்கத்து வானத்தை எடுத்து அதன் மேல் நானே பூசியிருக்கிறேன்.