68,500 ரூபாய் கட்டி நான் கேட்ட விளக்கம்

தங்கள் மேல் வந்த புகாருக்கு ஒரு கம்பெனிக்காரர்கள் விளக்கம் சொன்ன ஜூம் மீட்டிங் நேற்று இரவு பத்தரை மணிக்கு முடிந்தது. அதற்கப்புறம் தூக்கமே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயரைப் போடப்போவதில்லை. நெட்வொர்க் மார்க்கெட்டிங் கம்பெனி, அதாவது ஆளுக்குக் கீழே ஆள் சேர்த்து வியாபாரம் செய்வது, புரோட்டீன் மாவும் ஏதோ ஒரு பழச்சாறும் விற்கிறது, அவ்வளவு போதும். என்னிடமிருந்து போனது 68,500 ரூபாய்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். கோட்டு போட்ட யாரோ ஒருவர் வந்து கூப்பிட்டிருந்தால் போயிருக்கவே மாட்டேன். வந்தவர், ஐந்து வருடம் எங்கள் காம்பவுண்டிலேயே குடியிருந்த அண்ணன். என் மகன் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கேட்காமலேயே 10,000 ரூபாயைக் கொண்டுவந்து கையில் திணித்தவர். அதைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்றுதான் ஆரம்பித்தார். "பணம் கிடக்கட்டும் தம்பி. எனக்காக ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்கு." அந்த மனிதரிடம் முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

கல்யாண மண்டபத்தில் கூட்டம். சாப்பாடு நன்றாகவே இருந்தது (அதற்கும் தலைக்கு 300 ரூபாய் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்). வீடு வீடாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன், இன்றைக்குக் கார் வைத்திருக்கிறேன் என்று ஒருவர் மேடையில் அழுதார். அப்புறம் பலகையில் வட்டம் போட்டார்கள். நீங்கள் ஒருவர், உங்களுக்குக் கீழே ஆறு பேர், அந்த ஆறு பேருக்குக் கீழே ஆளுக்கு ஆறு பேர். எனக்குப் பாதி புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் அண்ணன் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார். அந்த முகத்தை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.

முதலில் 18,500 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ். இரண்டு மாதம் கழித்து, 'சில்வர்' என்ற ரேங்க் வந்தால்தான் கீழே இருப்பவர்களின் கமிஷன் பாயிண்ட் உனக்கு ஏறும் என்று சொல்லி, இன்னும் 50,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்க வைத்தார்கள். அதற்காக வீட்டுக்காரியின் செயின் கூட்டுறவு வங்கிக்கு அடகு போனது. ஒரு டப்பா மாவு 2,200 ரூபாய். எங்கள் தெருவில் அந்த விலைக்கு மாவு குடிப்பவர் யார்? இன்றைக்கும் 21 டப்பா கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. கமிஷன் என்று வந்தது 3,200 ரூபாய். அதையும் நான் கணக்கில் கழிக்கவில்லை. என் தங்கை வீட்டுக்காரரைச் சேர்த்துவிட்டதற்கு வந்த காசு அது, அவர் பணத்திலிருந்தே எனக்கு வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள் என்று கேட்க ஆரம்பித்ததும் பேச்சு மாறியது. அண்ணன், "ரேங்க் ஏறினா தானா வரும் தம்பி" என்றார். அவருக்கு மேலே இருக்கும் லீடர், "நெகட்டிவ் ஆளுங்களோட சேராதீங்க, கனவு கலைஞ்சுடும்" என்றார். ஆபீஸ் நம்பருக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. ஒரு நாள் போனை எடுத்த பெண், சீல் உடைத்திருந்தால் எடுக்க மாட்டோம் என்றார். உடைக்கவில்லை என்றேன். "அப்போ முப்பது நாள் தாண்டியிருக்கும் சார்." ஏனுங்க, எதைச் சொன்னாலும் அதற்கொரு பூட்டு தயாராக வைத்திருக்கிறார்கள்!

இதற்கிடையே வேறு ஊரில் யாரோ, இது ஆள் சேர்க்கும் காசிலேயே ஓடும் பிரமிடு திட்டம் என்று போலீசில் புகார் கொடுத்து, லோக்கல் சேனலில் செய்தி வந்துவிட்டது. அதற்குப் பதில் சொல்லத்தான் நேற்றைய மீட்டிங். பிரமிடு திட்டத்தில் பொருள் இருக்காதாம், இவர்களிடம் பொருள் இருக்கிறதாம். கம்பெனி ரிஜிஸ்டர் ஆகியிருக்கிறதாம், ஜி.எஸ்.டி. கட்டுகிறார்களாம். எந்த ஆபீஸிலும் மேலே ஒரு எம்.டி., அவருக்குக் கீழே நாலு மேனேஜர், அதற்கும் கீழே நாற்பது பேர், அதுவும் பிரமிடுதானே என்று ஒருவர் கேட்டதும் கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன. எங்கள் கம்பெனியிலும் முதலாளி மேலேதான் இருக்கிறார். ஆனால் சனிக்கிழமை சம்பளம் மேலிருந்து எனக்கு வருகிறது. வேலைக்குச் சேர நான் 68,500 ரூபாய் கட்டவில்லை.

பொருள் இருந்துவிட்டால் போதுமா? 2021 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த நேரடி விற்பனை விதிகளைத் தேடிப் படித்தேன். ஆள் சேர்ப்பதால் பலன் கிடைக்கும் பல அடுக்குத் திட்டத்தைத்தான் பிரமிடு என்கிறார்கள், அதற்குத் தடையும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. நம்பர் வரி கட்டுவதற்கு, நல்லவர் என்பதற்கான சான்றிதழா அது?

அந்த ஆறு வட்டக் கணக்கையும் ராத்திரி போட்டுப் பார்த்தேன். பத்தாவது படியை எட்டும்போது மொத்தம் 7 கோடியே 25 லட்சம் பேர் தேவை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். தொட்டில் குழந்தையைச் சேர்த்தாலும் போதாது. இதை மண்டபத்திலேயே போட்டிருக்க வேண்டும், போன் என் பையில்தான் இருந்தது.

மீட்டிங் முடிந்ததும் லீடரைக் கூப்பிட்டேன். போலீசுக்குப் போகப்போகிறேன் என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "தாராளமா போங்க சார். நீங்களும் ஆள் சேர்த்திருக்கீங்க இல்ல?" ஆள் சேர்த்தால் காசு என்று ஓடும் திட்டங்களைத் தடுக்க 1978-ல் வந்த பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டத்தில் ஆள் சேர்ப்பதும் குற்றம்தான், மூன்று வருடம் வரை சிறை. ஏமாந்தவன் வாயை மூடவும் அந்தச் சட்டம் அவருக்கு உதவுகிறது. இருந்தாலும் நான் போகிறேன். திங்கட்கிழமை பொருளாதாரக் குற்றப்பிரிவில் மனு.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சேர்வதற்கே காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். குறைதீர் அதிகாரியின் பெயரும் நம்பரும் வெப்சைட்டில் இல்லாத கம்பெனி பக்கம் போகாதீர்கள். பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நகையை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள்.

இதை எழுதும்போதே அண்ணனிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். எடுக்கவில்லை. அவருக்கே மூன்று லட்சம் போய்விட்டது என்று அவர் வீட்டு அக்கா போன வாரம்தான் என் வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதிருக்கிறார்.