பிரசவ அறையில் பக்கத்தில் நிற்பது யார்: அம்மாவா, கணவரா, டூலாவா?

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்து தாங்கு தாங்கென்று தாங்குவோம். இடுப்பு வலி கண்டு மருத்துவமனைக்குப் போனதும் அத்தனை பேரும் வராந்தாவில் நின்றுவிடுவோம். அவள் மட்டும் உள்ளே போவாள். தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் இது மாறத் தொடங்கியது. உறவுக்காரப் பெண் ஒருவர் பிரசவ அறையில் உடனிருக்கலாம் என்றானது. மத்திய அரசின் வழிகாட்டுதல் 2016இல்தான் வந்தது. யாரை அனுப்புவது என்பதில்தான் வீடுகளில் இன்னும் இழுபறி.

செவிலியர்தான் இருக்கிறாரே என்பார்கள். இருக்கிறார், ஆனால் மூன்று நான்கு கட்டில்களுக்கும் அவர் ஒருவர்தான். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துதான் ஆகவேண்டும். துணையின் பலனோ விட்டு நகராமல் இருப்பதில் இருக்கிறது. 15,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட 26 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் 2017ஆம் ஆண்டு அலசலில், இடைவிடாத துணை கிடைத்தவர்களுக்கு வலி நேரம் சராசரியாக 40 நிமிடம் குறைந்திருந்தது. சிசேரியனும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு.

அம்மாவை அனுப்புவதுதான் வழக்கம். முதுகை நீவிவிட, வெந்நீர் கொடுக்க அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மகள் அலறினால் முதலில் உடைந்துபோகிறவரும் அவரே. “ஆபரேஷனே செய்துவிடுங்கள் டாக்டர்” என்று அவர் அழுதால் மகளின் தைரியமும் போய்விடும். என் ஓட்டு அக்காவுக்கு. அல்லது கொஞ்சம் அழுத்தமான சித்திக்கு. சமீபத்தில் பிள்ளை பெற்றவராக இருந்தால் இன்னும் நல்லது.

கணவர்? அந்தரங்கம் காக்க வசதியுள்ள இடங்களில் அவரை அனுமதிக்கலாம் என்கிறது 2016 வழிகாட்டுதல். கட்டில்கள் வரிசையாகக் கிடக்கும் வார்டில் மற்ற பெண்களையும் நினைக்க வேண்டும். தனி அறை கிடைத்தால், அடி இடுப்பை அழுத்திப் பிடிக்க அவர் கைதான் பலமானது. செல்பேசியை வெளியே வைத்துவிட்டு வரட்டும்.

டூலா என்பவர் இதற்கென்றே பயிற்சி பெற்று, கட்டணம் வாங்கிக்கொண்டு உடனிருப்பவர். பிரசவம் பார்ப்பது அவர் வேலையல்ல. சிசேரியன் அதிகம் குறைந்தது இத்தகையவர் இருந்தபோதுதான் என்கிறது அதே அலசல். ஆனால் 1980இல் வெளியான குவாத்தமாலா நாட்டு ஆய்வில் துணை நின்றவர்கள் பயிற்சியே இல்லாத சாதாரணப் பெண்கள். பிரசவிப்பவருக்கு முன்பின் தெரியாதவர்கள். தனியே கிடந்தவர்களுக்குச் சராசரியாக 19 மணி நேரம் நீடித்த வலி, துணை இருந்தவர்களுக்கு 9 மணி நேரத்துக்குள் முடிந்தது. அந்நியருக்குப் பதற்றமில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். பதறாத சித்தி வீட்டிலேயே இருந்தால் டூலாவுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. அப்படி யாரும் இல்லாத நகரத்துத் தம்பதிக்கு அந்தப் பணம் வீணல்ல.

எட்டாம் மாதத்திலேயே அவளிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மருத்துவமனை எத்தனை பேரை, எதுவரை அனுமதிக்கும் என்றும் விசாரியுங்கள். முதல் பிரசவம் இரவு முழுக்க இழுக்கும். சித்தி சாப்பிட வெளியே வரும்போது மாற்றி நிற்க இன்னொருவர் வேண்டும்.